குருவிக்கு ஒட்டிய கோப்பை

எம்-சீல் பசை இறுகுவதற்குள் அத்தை வந்துவிடக் கூடாது.

அறிவுச்செல்வி கொய்யா மரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பீங்கான் கோப்பையைச் சாசர் மேல் படுக்கவைத்து, பிடி மேலே பார்க்கும்படி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். இறுகியதும் பிடியில் கட்டுக்கம்பியைக் கோத்து மரத்தில் தொங்கவிட வேண்டும். உள்ளே கம்புத் தானியம் போட வேண்டும். குருவி வந்து சாசர் விளிம்பில் உட்கார்ந்து தின்னும்.

போனில் பார்த்தபோது யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா சிரித்துக்கொண்டே செய்துவிட்டாள்.

இங்கே முதல் தடவை வழுக்கிக்கொண்டு விழுந்தது. மண்ணில் விழுந்ததால் உடையவில்லை. பீங்கான் வழவழப்பில் எதுவும் பிடிக்காது என்று தெரிந்து, உப்புத்தாளை எடுத்து ரோஜாப்பூ இருந்த பக்கத்தைத் தேய்த்தாள். பூ போகும்வரை தேய்த்தாள். அதில் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மொத்தம் இரண்டு செட். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்னது ஏற்கெனவே இறுகிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சௌந்திரம் எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, நல்ல கப்பாட்டந் தெரியுது. அதையப் போயிக் குருவிக்கு ஒட்டறயா?"

"குருவியும் நல்ல கப்புல திங்கட்டுமுங்க."

சௌந்திரம் சிரித்தார். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. அறிவுச்செல்விக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த வீட்டில் எல்லோரும் டீ குடிப்பது சில்வர் டம்ளரில். அடுப்படியில் கூடை நிறைய டம்ளர் இருக்கிறது. அறிவுச்செல்விக்கு மட்டும் பீங்கான் கோப்பை, அதுவும் பின்வாசல் ஆணியில். கதிர்வேல் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். வேறு சாதி.

அத்தை செல்லியம்மாள் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணமாகி வந்த அன்றே ரோஜாப்பூப் போட்ட கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தார். பார்த்த பெண்கள், மருமகளை என்னமாய்த் தாங்குகிறாள் என்றார்கள். அறிவுச்செல்வியும் அப்படித்தான் நினைத்தாள். குடித்து முடித்துக் கழுவி, டம்ளர் கூடையில் வைக்கப் போனாள். அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஆணியைக் காட்டினார்.

சாப்பாட்டுத் தட்டும் தனிதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை கெட்டவர் இல்லை. இவளுக்குக் காய்ச்சல் என்றால் விடியும்வரை தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அதனாலேயே சண்டைபோட வாய் வரவில்லை. போர் போடும் ரிக் லாரியோடு வடக்கே போயிருக்கும் கதிர்வேலிடம் சொன்னால், "கப்புதான, உடு" என்பான்.

போன வருஷம் கை தவறியதுபோல ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தாள். அடுத்த சந்தைக்கே புதுசு வந்துவிட்டது, முன்னதைவிட அழகாக.

ஆனால் பறவைக்கு வைத்ததை அத்தை திரும்ப எடுக்கமாட்டார். காக்கைக்கு ஒரு உருண்டை வைக்காமல் ஒரு நாளும் சாப்பிடாதவர். வேண்டுமானால் மறுபடி புதுசு வாங்கலாம். அப்போது வீடு நிறைய டம்ளர் இருக்கும்போது அது எதற்கு என்று சௌந்திரம் கேட்பார். வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அத்தையால் அது முடியாது என்று அறிவுச்செல்வி நம்பினாள். நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் கோப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைசியில் இறுகிவிட்டது.

தெருவுக்கு நன்றாகத் தெரிகிற கிளையாகப் பார்த்து இரண்டையும் கட்டினாள். கம்பு போட்டாள். குருவி எதுவும் வரவில்லை. போனில் அந்த அம்மாவுக்கு மட்டும் உடனே வந்தது.

அமாவாசைக்கு மலைக்குப் போயிருந்த அத்தை, நெற்றி நிறையத் திருநீறோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மரத்தடியில் அப்படியே நின்றார். பெரியதைப் பார்த்தார். பிறகு சின்னதைப் பார்த்தார். சின்னதைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

சௌந்திரம் உதறின துணியையே மறுபடி உதறிக்கொண்டிருந்தார்.

"அப்ப டீ எதுல குடிப்பே சாமி?" என்று மெதுவாகக் கேட்டார் அத்தை.

"எல்லாரும் குடிக்கறதுலயே குடிச்சுக்கறனுங்க அத்தை."

அத்தை ஏதோ சொல்ல வந்தார். வேலிப் பக்கம் பார்த்தார். திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

அறிவுச்செல்வி அடுப்படிக்குள் போனாள். கூடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். எடுத்த வேகத்தில் அது மற்ற டம்ளர்கள் மேல் பட்டு வீடு முழுக்கச் சத்தம் கேட்டது. யாரும் வந்து தடுக்கவில்லை.

டீ போடவில்லை. பாலைக் காய்ச்சி, ஆற்றி, அந்த டம்ளரில் ஊற்றினாள். தூங்கி எழுந்து தொட்டிலில் உட்கார்ந்திருந்த மகளின் வாயில் வைத்தாள். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

அறிவுச்செல்வி தன் கோப்பையில் மூன்று வருஷம் பேசாமல் குடித்தவள். இன்னும் முப்பது வருஷம்கூடக் குடித்திருப்பாள். சின்னக் கோப்பை நேற்றுதான் வந்தது. சந்தையிலிருந்து திரும்பிய அத்தை, பையிலிருந்து எடுத்துக் காகிதத்தைப் பிரித்து, ஆசை ஆசையாகக் காட்டினார்.

"உனக்காட்டவே பாப்பாளுக்குந் தனியா ஒண்ணு வாங்கியாந்துட்டேன் சாமி."