மைசூர் பயணத்துக்கு ஒரு ஹெட்செட்

தங்கையா மறுபடியும் கடை வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தார். சிவப்பு புல்லட் இன்னும் வரவில்லை.

குன்னூரில் அம்புரோஸ் நடத்தும் மிலிட்டரி டிஸ்போசல் கடை அது. பட்டாளத்தில் கழித்துக் கட்டிய பூட்ஸ், கம்பளி, தார்ப்பாய் எல்லாம் கிடைக்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்த தங்கையா அங்கே விற்பனையைக் கவனித்துக்கொண்டார். போன வாரம் வந்த ஒருவரிடம், புதன்கிழமை தனியாக வரும்படியும் மோட்டார் சைக்கிளிலேயே வரும்படியும் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்புரோஸுக்குச் சந்தேகம். "வராமப் போயிட்டா?"

"வருவான் முதலாளி. சாமானைக் கண்ணுல காட்டியாச்சு."

பதினொன்றரைக்கு புல்லட் சத்தம் கேட்டது.

வேலாமணி சிரித்த முகத்தோடு இறங்கினார். கோயமுத்தூர்க்காரர். தோல் ஜாக்கெட், கையில் தங்கச் சங்கிலி. சீசன் முடிவதற்குள் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஊட்டி, நடுவட்டம், கூடலூர் வழியாக மைசூர் போய்வர வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஒரே ஒரு தொல்லை. ஹெல்மெட் மாட்டிவிட்டால் அவள் பேசுவது இவருக்குக் கேட்பதில்லை. போன தடவை மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான், அவளுடைய கைப்பை மலையிறங்கும்போது பர்லியாறு பக்கமே விழுந்துவிட்ட விஷயம் தெரிந்ததாம். அதிலிருந்து அவள் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாளாம்.

அதற்குத்தான் ஹெட்செட். டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்கள் மாட்டிக்கொள்வது. காதுக்கு இரண்டு குமிழ், வாய்க்கு நேராக ஒரு மைக், ஒரு பேட்டரிப் பெட்டி, அங்கிருந்து அடுத்த ஆளுக்கு ஒரு வயர். ஹெல்மெட்டுக்குள் அடங்கிவிடும்.

"நாலு விதம் வந்திருக்குங்க ஐயா" என்ற தங்கையா, அவற்றை மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தார்.

தூறல் வருகிறது, வண்டியைப் பக்கத்துச் சந்தில் தகரக் கூரைக்கடியில் நிறுத்துகிறேன் என்று அம்புரோஸ் சாவியைக் கேட்டார். வேலாமணி யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

ஒரே அறையில் நின்று பேசினால் நேராகவே காதில் விழும், சோதித்துப் பார்த்ததாகாது என்றார் தங்கையா. வயரின் மறுமுனை திரைக்கு அடியில் புகுந்து பின்னறைக்குப் போயிற்று. "உள்ள என் பொஞ்சாதி கருப்பம்மா இருக்கா. நீங்க கதைக்கிறது தெளிவாக் கேட்டா சுவத்துல ஒரு தட்டு தட்டுவா."

வேலாமணி முதல் செட்டை மாட்டினார். கனத்த ரப்பர் காதை மூடியதும் சாலையின் பஸ் சத்தம்கூட நின்றுபோனது. சந்தில் வண்டி உருளும் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தங்கையா பார்த்தார். அம்புரோஸ் புல்லட்டின் பின்சக்கரத்தை இரும்புத் தூணோடு சங்கிலியால் பூட்டிவிட்டு, வண்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏனம்முணி, குளுருதா?" என்றார் வேலாமணி மைக்கில்.

பலகைச் சுவரில் ஒரு தட்டு விழுந்தது. தங்கையா உதட்டைப் பிதுக்கி, கொஞ்சம் இரைச்சலாம், அடுத்ததைப் பார்க்கலாம் என்று சைகை காட்டினார்.

இரண்டாவது செட்டில் வேலாமணி வழியெல்லாம் வரும் ஊர்களைச் சொன்னார். தட்டு விழுந்தது. அதிலும் குறை சொன்னார் தங்கையா. மூன்றாவதில் மைசூரில் தங்கப்போகும் லாட்ஜைப் பற்றியும், வீட்டில் ஒரு வாரம் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதைப் பற்றியும் பேசினார். அதற்கும் தட்டு விழுந்தது.

நாலாவதைத் தங்கையாவே மாட்டிவிட்டார். வளைவில் காற்று பலமாக அடிக்கும், அதனால் பத்துப் பேருக்கு முன்னால் பேசுவதுபோல் உரக்கப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வேலாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆரும் பயப்படாதீங்க. வரிசையா உக்காருங்க. உங்க காரியத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பலகைச் சுவரில் மறுபடியும் ஒரு தட்டு விழுந்தது.

தங்கையா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். காதிலிருந்து குமிழ்களைக் கழற்றிய வேலாமணி அதைக் கவனிக்கவில்லை.

"நாலுல எதுங்க தெளிவாக் கேட்டுது? அதையே கட்டிக் குடுத்துருங்க" என்றார்.

திரை விலகியது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கருப்பம்மாவும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். அவர்கள் முகம் வேலாமணிக்கு நினைவில்லை. அவர் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன், சிலோனிலிருந்து வந்திறங்கிய அவர்களும் தங்கையாவும் நடுவட்டத்தில் தங்கியிருந்த கொட்டகைக்கு, மஃப்ளரும் கண்ணாடியும் ஹெல்மெட்டுமாக ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஓவேலி எஸ்டேட்டில் வேலை என்று சொல்லி திரும்பி வந்தவர்களுக்கு வேலைக்காக அரசாங்கம் கொடுத்த குடும்ப அட்டையை எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. அட்டைகள் யார் யாருக்கோ விலைபோயின. அட்டை இல்லாதவர்களை எந்த எஸ்டேட்டும் பேர்ப்பதிவில் சேர்க்கவில்லை. போன வாரம் அந்தக் குரலைக் கடையில் கேட்ட தங்கையா நேரே ஸ்டேஷனுக்கு ஓடினார். ஒருத்தர் சொன்னால் போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் வேலாமணியின் தோளில் கை வைத்தார். "நாலுமே தெளிவாக் கேட்டுதுங்க. செட்டுக்கு ஒருத்தரா தனித்தனியாக் கேட்டு, நாலு பேரும் அதே குரல்தான்னு கைநாட்டு வெச்சுட்டாங்க."