காட்டில் தனியாக

குரங்கணிக் காட்டில் வழி தவறி, ஓர் இரவு முழுக்க மழையில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியதை சண்முகராஜ் போனில் சொன்னதும், பக்கத்துக் கடை பாண்டீஸ்வரன் பார்க்க ஓடி வந்தார். கால் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்த சண்முகராஜ், கத்தியும் ரம்பமும் குறடும் ஒன்றாக மடங்கியிருந்த மல்ட்டி டூலை எடுத்துக் காட்டினார்.

"இந்த ரம்பத்தாலதான் கிளைய அறுத்துக் குடிசை மாதிரி கட்டுனது. விறகெல்லாம் நனைஞ்சு போச்சு. மேல்பட்டையச் சீவி எறிஞ்சிட்டு, உள்ள காஞ்சிருந்த கட்டையச் சுருள் சுருளாச் சீவித்தான் தீ மூட்ட முடிஞ்சது."

"பெரிய ஆளுண்ணே நீங்க."

அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. சண்முகராஜின் மனைவி சாராள் வந்து காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"கோவப்படாதீக மதினி. அண்ணனைக் காணாம ராத்திரி பூரா வீட்டுல தவிச்சிருப்பீக" என்றார் பாண்டீஸ்வரன்.

"நான் எங்க வீட்டுல இருந்தேன்?"

சாராள் உள்ளங்கைகளை விரித்தாள். கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன.

"கிளைய அறுத்தது நான். தீ மூட்டுனது நான். கால் பிசகி உக்காந்துட்ட இவுகளைத் தோள்ல சாச்சு ரோட்டுக்குக் கொண்டாந்ததும் நான்."

பாண்டீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். சண்முகராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சதாச் சொல்லிக்கங்க" என்றாள் சாராள். "கூட நானும் வந்தேன்னு சொல்லக்கூடவா வாய் வரலை?"