வெக்டர் பிழிந்த போர்வை

ஓய்வுபெற்ற மறுநாள், இயற்பியல் பேராசிரியர் சவரிமுத்து வாழ்க்கையில் முதல்முறையாகத் துணி பிழிய வந்தார். ஈரப் போர்வையின் ஒரு முனையை மனைவி அமலோற்பவத்திடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு எதிரே நின்றார்.

“வாளித் தண்ணிக்கு எத்தனை லிட்டர்னு சொன்னா போதும், அது ஸ்கேலார். முறுக்குறதுக்குத் திசையும் வேணும், அது வெக்டர். நாம எதிரெதிராச் சுத்தணும். நீ வலப்பக்கம், நான் இடப்பக்கம்.”

முகம் பார்த்து நிற்பவர்களுக்கு அவள் வலமும் அவர் இடமும் ஒரே பக்கம்தான். போர்வை ராட்டினமாகச் சுற்றியது, சொட்டு விழவில்லை.

“உனக்குப் பலம் பத்தலை,” என்றார் பேராசிரியர்.

சொல்லிக்காட்டினால் மனுஷர் பேப்பருக்குள் புகுந்துகொள்வார், அப்புறம் கொல்லைப்பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். அமலோற்பவம் சத்தமில்லாமல் இடப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் கொட்டியது.

“பாத்தியா, வெக்டர்.”

“படிச்சவங்க படிச்சவங்கதாங்க,” என்று அடுத்த போர்வையின் முனையை அவரிடம் நீட்டினாள்.