நூறு சதவீதம்

ஏரிக்கரையில் ஆமை ஒரு நீச்சல் பள்ளி நடத்தி வந்தது. தேர்வில் ஒரு பிள்ளை தோற்றாலும் பள்ளியை மூடிவிட வேண்டும் என்று அந்த வருஷம் காட்டில் சட்டம் வந்தது.

மறுநாளே ஆமை அணிலைக் கூப்பிட்டு டி.சி.யை நீட்டியது.

"நான் இன்னும் நீந்தவே கத்துக்கலையே சார். ஐப்பசி மழைக்கு எங்க மரம் முழுகிடும்" என்றது அணில்.

"நீந்தத் தெரியாததாலதான் தர்றேன். நடத்தை நன்றுன்னு போட்டிருக்கேன், போ."

முயலுக்கும் எலிக்கும் அதே காகிதம் கிடைத்தது. கடைசியில் தேர்வுக்கு மீன்குஞ்சுகள் மட்டுமே வந்தன. பிறந்த அன்றே நீந்தியவை, ஒன்றுகூடத் தோற்கவில்லை. பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் ஏறியது.

ஐப்பசியில், அதிகாரி நாரை விருது கொடுக்க வந்த நேரம், ஏரி கரை தாண்டியது. வெள்ளத்தில் அணில் முங்கி முங்கி அடித்து வரப்பட்டது.

"அது உங்க பள்ளிப் பிள்ளையா?" என்றது நாரை.

ஆமை பதிவேட்டைப் புரட்டிக் காட்டியது. "இல்லீங்கய்யா. எங்க பிள்ளைங்க எல்லாருமே நல்லா நீந்துவாங்க."

நாரை அதை அப்படியே எழுதிக்கொண்டது. அதற்குள் அணில் எப்படியோ பேனரின் நுனியைப் பற்றிவிட்டது.

"கிழிச்சிடப் போகுது. கொஞ்சம் எட்டக் கட்டுங்க" என்றது நாரை.