பறை சுமந்த குதிரை

அந்தியூர்ப் பக்கத்துக் காலனிக் கோயிலில் நிற்கும் மண்குதிரையைத் தொட்டுச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்தக் குதிரையின் முதுகில் கை வைத்தபோது தம்பிதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. ஆளுயரக் குதிரை, விலாவில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு பறை. முகத்தை மட்டும் வெள்ளைத்துணியால் சுற்றியிருந்தார்கள். பெயிண்ட்டில் தூசி ஒட்டாமலிருக்க என்று நினைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, போன வருசம் எங்க குதிரைய ஒடச்சது நீங்க இல்லீன்னா, இதையத் தொட்டுச் சொல்லிப்போட்டுப் போங்க," என்றாள் இளவேனில். இரண்டு குதிரையும் அவள் கையால் செய்தவை. ஊரில் மற்ற எல்லோரும் சொல்லியாயிற்று. ஊர்த்தெருவில் தோட்டமும் கிணறும் வைத்திருக்கும் தம்பிதுரைதான் கடைசி.

"சாமி குதிரைக்கு வாளு போடாம பறைய எதுக்கு அம்மணி வரையற?"

"எங்கப்பன் சாமிய எழுப்புனது இதுலதானுங்க. நீங்க சொல்லுங்க."

"சத்தியமா நானில்லை. பொய்யின்னா இது என்னைய மிதிக்கட்டும்."

மறுநாள் காலை, பூசிப் பத்து வருஷமான அவர் சிமெண்ட் களத்தில் குளம்படி பதிந்திருந்தது. அதற்கடுத்த நாள் கிணற்று மோட்டாரைப் போட்டார். தண்ணீருக்கு முன்னால் கனைப்பு வந்தது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் கடக் கடக்கென்று சத்தம் வாசல்வரை வந்து நின்றது. பிறகு, மெதுவாக, பறை.

"பூவாத்தா, கதவத் தெறக்காத."

"எந்தக் கதவைங்க? எனக்கொண்ணும் கேக்கலீங்களே," என்றாள் அவர் மனைவி.

பின்வாசல் வழியாக வெளியேறியவர் காலனிக் கோயிலில்தான் நின்றார். செருப்பு ஒன்றைக் காணோம். இளவேனில் மைக்கிண்ணத்தோடு குதிரை முன் உட்கார்ந்திருந்தாள்.

"நாந்தான் ஒடச்சேன். பறையோட எங்க தெருவுல வருதேன்னு பொறுக்கல, கடப்பாரைய எடுத்துப்போட்டேன். ஊர் முன்னால வேண்ணாலும் சொல்றேன். இதைய மட்டும் என் ஊட்டுப்பக்கம் உடாத கண்ணு."

அவள் எழுந்து துணியை அவிழ்த்தாள். கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக, வழவழவென்று இருந்தது.

"நோம்பியன்னிக்குத்தானுங்க கண்ணு தெறப்போம். அதுவரைக்கும் இது சாமியில்லீங்க, வெறும் மண்ணு. இதையத் தொட்டு ஆரு என்ன சொன்னாலும் செல்லாதுங்க."

மழையால் நோம்பித் திருவிழா தள்ளிப்போய்விட்டது. குதிரைக்கு இன்றுவரை கண் திறக்கவில்லை.