தமயந்தியின் பால்

தமயந்தியின் தலைப்பிள்ளை, தீட்டுக் கழியும் முன்பே உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துச் செத்துப்போனது. "ஒம் பாலுதாம்ட்டி பிள்ளைய கொன்னுட்டு" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் மாமியார் சொன்னாள். அந்தச் சொல்லைப் பொய்யாக்கத்தான் தமயந்தி அதற்குப் பிறகு உயிரோடு இருந்தாள். இரண்டாவது மகன் பிறந்து வாய் நிறையக் குடித்தபோது, மாமியார் பார்க்கட்டும் என்றே மாராப்பை மூடாமல் கொடுத்தாள்.

குழந்தையின் குதிகாலில் குத்திச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு வந்ததும் டாக்டரம்மா வார்டுக்கு ஓடிவந்து அவனைத் தமயந்தியின் மார்பிலிருந்து பிரித்தாள். பாலில் இருக்கும் சர்க்கரையே இவனுக்கு விஷம், இனி சோயாப் பால்தான் என்றாள். "மூத்ததும் இதுலதான் போயிருக்கணும். இந்தக் குறை உங்க ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் வந்திருக்கு, யார் தப்பும் இல்லம்மா. இவன் பிழைச்சுக்குவான்."

'ரெண்டு பேர்' என்றதும் அவள் கணவன் மாடசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள் மாமியார். பல வருஷ வழக்கில் ஜெயித்தவளின் குரல் அது.

சோயாப் பாலை மாமியாரே பேரனுக்குப் புகட்டினாள். அவன் துப்பிவிட்டு வீறிட்டான். அழுகை கேட்டதும் தமயந்தியின் ரவிக்கை நனைந்தது.

"அவன எங்கிட்ட குடுங்கத்தே. பால் குடுக்க மாட்டேன், சும்மா வச்சிக்கிடுதேன்" என்று கைகளை நீட்டினாள்.

மாமியார் குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மாடசாமி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில், தமயந்தியை மறித்து நின்றான்.