பலகைக்கு வந்த கவலை

ஏரிக்கரைச் சேற்றில் ஒரு குட்டி ரோடு ரோலர் சிக்கிக்கொண்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் அது சக்கரத்தைச் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாக இறங்கியது.

"சுத்தாதே தம்பி. நான் அடியில வர்றேன்," என்றது கரையில் கிடந்த பலகை.

"நின்னா முழுகிடுவேன் அக்கா."

"சுத்தினாத்தான் முழுகுவே."

ரோலர் நடுங்கிக்கொண்டே நின்றது. பலகை சறுக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் நுழைந்தது. பலகைக்குப் பக்கத்தில் கிடந்த சங்கிலி, கரையோர மரத்தைப் பிடித்துக்கொண்டு ரோலரை இழுத்தது. பலகையின் முதுகில் ஏறிக் கரைக்கு வந்த ரோலர், திரும்பிப் பார்க்காமல் உருண்டு போனது.

"போயிட்டானா?" என்று சேற்றுக்குள்ளிருந்து கேட்டது பலகை.

"மதகுப் பக்கமாப் போயிட்டான். உன்னை எப்படி எடுக்கிறதுன்னுதான் தெரியலை," என்றது சங்கிலி.

"அது கிடக்கட்டும். மதகுப் பக்கமும் ஈரமா இருக்குமே. அங்கே பலகை ஏதாவது கிடக்குதா?"